பாட்டனார் சொன்னதை ஏட்டில் ஏற்றிய பண்டிதர்

மன்னர்க்கு மெய்க்கீர்த்தி எழுதப் புலவர் இருந்தனர். கோயில்களுக்குத் தலபுராணம் பாடுவோர் இருந்தனர். நிலமுடையோர் வீட்டில் பட்டாவும் பத்திரமும் இருந்தன. அவற்றைப் பிரித்தாலே பாட்டன் பெயரும் பூட்டன் பெயரும் கிடைத்துவிடும். சேற்றில் நின்று நாற்று நட்டவர்க்கும், களத்துமேட்டில் நெல்லடித்துவிட்டுக் கூலிநெல் வாங்கி வந்தவர்க்கும் எழுதி வைப்பார் எவருமிலர். அவர்கட்கு நினைவே ஏடு, நாவே எழுத்தாணி. அந்த ஏடோ அவர்களோடு மறைந்துவிடுகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி நம் கிள்ளைப் பகுதிக் குடியிருப்புகளுள் புகுந்தபோது, உயிரும் உடைமையும் போனதோடு, தகரப்பெட்டிகளில் வைத்திருந்த பள்ளிச் சான்றிதழ்களும் பழைய நிழற்படங்களும் போயின. எஞ்சியவை முதியோர் நெஞ்சில் உள்ளவை மட்டுமே.

நம் கழகத்தின் வெள்ளி விழா மலரில் ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதவேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, பண்டிதர் அயோத்திதாசரின் வரலாற்றைத் தேர்ந்தோம். அவர் அரசியல் அறிஞர், சித்த மருத்துவர், பத்திரிகை ஆசிரியர், தென்னாட்டில் பௌத்தத்தை மீட்டெடுத்தவர் என்று பலரும் எழுதியுள்ளனர். இங்கே நாம் காட்ட விரும்புவது வேறொரு பக்கம். தம் வீட்டுத் திண்ணையிலே கேட்ட கதையை வீட்டோடு விட்டுவிடாமல், அச்சில் ஏற்றி, நாட்டின் முன் வழக்காக வைத்தவர் அவர்.

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தந்தையார் கந்தசாமி. இளமையிலேயே குடும்பம் நீலகிரிக்குச் சென்றது. தமிழும் சித்த மருத்துவமும் மரபுவழியாகக் கற்றார். வடமொழி, ஆங்கிலம், பாலி ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரான அயோத்திதாசக் கவிராச பண்டிதர்பால் கொண்ட அன்பினால், அவர் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். பெயர் மாற்றமென்பது இக்காலத்தில் அரசிதழில் ஒரு வரி. அக்காலத்திலோ அது, நான் இன்னாரிடம் கற்றேன், கற்றவர் எங்களிடையே இருந்தனர் என்று ஊரறியச் சொல்வதாகும். எழுத்தறியாதோர் என்று நம்மை ஏசியவர்க்கு அப்பெயரே ஒரு மறுமொழி.

இனி அவர்தம் பாட்டனாரிடம் வருவோம்.

பாட்டனார் பெயர் கந்தப்பன். கும்பினி ஆட்சியில் அதிகாரியாயிருந்த ஜார்ஜ் ஆரிங்டன் என்னும் துரையிடம் பட்லர் வேலை பார்த்தவர். பட்லர் என்றவுடன் அடுக்களையும் மேசையும் மட்டுமே நினைவுக்கு வரும். ஆனால் கந்தப்பன் வீட்டில் ஓலைச்சுவடிகள் இருந்தன. திருக்குறளும் நாலடியாரும் அவற்றுள் அடங்கும். பெயரளவில் பூசைக்கு வைத்திருந்த சுவடிகளல்ல; படித்துப் பொருள் சொல்லி வழிவழியாகக் காத்துவந்தவை. அச்சுவடிகளைக் கந்தப்பன் தம் துரையிடம் கொடுத்தார். ஆரிங்டன் அவற்றை எல்லீஸ் துரையிடம் சேர்ப்பித்தார். அதன்பின்னரே அவை அச்சேறும் வழி பிறந்தது. இதுவே அக்குடும்பத்தில் தந்தை மகனுக்கும் மகன் தன் மகனுக்கும் சொல்லிவந்த செய்தி.

எல்லீஸ் யார் என்பதை இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். பிரான்சிஸ் வைட் எல்லீஸ் 1810 முதல் சென்னைக் கலெக்டராக இருந்தவர். 1812இல் சென்னைக் கோட்டையில் தொடங்கிய கல்லூரிக்கு மூலகாரணர். தென்னிந்திய மொழிகள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதைக் கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே எழுதிக் காட்டியவர். திருக்குறள் அறத்துப்பாலின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து விரிவுரையும் வரைந்தார். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் தீரக் கிணறுகள் வெட்டுவித்து, அதனைக் குறள் ஒன்றோடு சேர்த்துக் கல்லிலும் பொறித்தார். 1818ஆம் ஆண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு இராயப்பேட்டையில் உள்ளது. அதே இராயப்பேட்டையிலிருந்துதான் பிற்காலத்தில் கந்தப்பனின் பேரர் தம் பத்திரிகையை நடத்தினார் என்பதை எண்ணும்போது வியப்புத் தோன்றுகிறது.

எல்லீஸ் 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் திடீரென இறந்தார். அவர் சேர்த்து வைத்திருந்த எழுத்துப்படிகள் என்னவாயின? மதுரையில் கிடந்த அவருடைய தாள்களுள் பெரும்பகுதியைக் கலெக்டர் ஒருவரின் சமையற்காரர் அடுப்பு மூட்டவும், கோழி வாட்டவும் எடுத்துத் தீர்த்துவிட்டார் என்று வால்டர் எலியட் என்ற அதிகாரி பின்னாளில் எழுதிவைத்தார். ஆட்சியாளர், பேரறிஞர், வேலையாள் நிறைந்த மாளிகைக்காரர்; அவருடைய ஏடுகளுக்கு நேர்ந்த கதி இது. மற்றொருபுறம், துரைமகன் ஒருவரின் வீட்டு வேலைக்காரர் தம் பிள்ளைகளிடம் வாய்மொழியாகச் சொன்ன செய்தியோ அடுப்புக்குத் தப்பி மூன்று தலைமுறை நடந்து வந்தது. மாளிகையின் பெட்டகம் காவாததைக் குடிசையின் பேச்சு காத்தது.

ஆயினும் பேச்சு எத்தனை நாள் தாங்கும்? மூன்றாம் தலைமுறையில் அதனைக் கையிலெடுத்த பேரர் எழுத வல்லவராயிருந்தமையால் நாம் இன்று கந்தப்பனின் பெயரை அறிகிறோம். இல்லையேல் ஆரிங்டனும் எல்லீசும் இருந்திருப்பார்கள். இடையில் ஒரு வேலைக்காரர் என்று கூட எவரும் குறித்திருக்கமாட்டார்.

இச்செய்தியைப் பண்டிதர் பெருமைக்காக எழுதினாரல்லர் என்பதைக் கவனிக்கவேண்டும். திருவள்ளுவரின் பிறப்பைப் பற்றிய கட்டுக்கதையொன்று அந்நாளில் குறள் பதிப்புகளில் முன்னுரையாக இடம்பெற்று வந்தது. பார்ப்பனத் தந்தைக்கும் பறைக்குலத் தாய்க்கும் பிறந்தவர் என்பது அக்கதை. அறிவெல்லாம் தந்தைவழி வந்தது என்று காட்டுவதே அதன் உட்கிடை. பண்டிதர் இதனை மறுத்தார். சுவடி எங்கள் வீட்டிலிருந்து போயிற்று. போனபோது இக்கதை அதிலில்லை. அச்சிட்டோர் பின்னர்ச் சேர்த்தனர் என்பது அவர் வாதம். குடும்ப நினைவை அவர் ஒரு சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார். எந்த ஆண்டு, யார் கைவழி, எந்தத் துரை என்று பெயர் குறித்துச் சொன்னார். பொத்தாம்பொதுவாக முன்னோர் படித்தவர் என்று சொல்லியிருந்தால் எவரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள்.

இங்கே ஒரு செய்தியை மறைத்தல் கூடாது. திருக்குறள் முதன்முதல் அச்சானது 1812இல். கந்தப்பன் கொடுத்த சுவடி எந்தப் பதிப்புக்குப் பயன்பட்டது என்பதைக் குடும்ப நினைவை மட்டும் கொண்டு முடிவுகட்டல் இயலாது. ஆய்வாளர் பிற சான்றுகளோடு ஒப்பிட்டே சொல்லவேண்டும். வாய்மொழி வரலாற்றில் ஆண்டுகள் முன்பின்னாகும், பெயர்கள் திரியும். அதற்காக அதனைத் தள்ளுவது அறிவுடைமையாகாது. எழுதி வைத்தால்தானே ஒப்பிடவும், திருத்தவும், மறுக்கவுங்கூட முடியும். பண்டிதர் எழுதிவைத்ததனாலேயே இருநூறு ஆண்டுகட்குப் பின்னும் அறிஞர் அதனைப் பற்றிப் பேசுகின்றனர்.

பொதுவாழ்வில் அவர் ஆற்றிய பணிகள் விரிவானவை. 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்போது நம் மக்களை ஆதித்தமிழர் என்று பதியவேண்டுமென விண்ணப்பித்தார். 1885இல் அருட்டிரு ஜான் இரத்தினத்துடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் இதழை நடத்தினார். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளன்று நீலகிரியில் மாநாடு கூட்டினார். 1892இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நடந்த மகாஜன சபைக் கூட்டத்தில் கோயில் நுழைவைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு ஏளனமே விடையாயிற்று. உடனே அவர் இலவசக் கல்வியையும் தரிசு நிலத்தையும் கேட்டார். 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையுடன் கொழும்பு சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். இவை ஒவ்வொன்றும் தனிக் கட்டுரைக்கு உரியன; இம்மலரில் இடமில்லை.

மக்கள்தொகைக் கணக்குப் பற்றிய விண்ணப்பத்தை மட்டும் சற்றே நோக்குவோம். கணக்கெடுப்போன் வாயிலில் வந்து நிற்கிறான். உன் பெயர் என்ன, உன் இனம் என்ன என்று கேட்கிறான். அவன் எழுதுவதே அரசின் ஏட்டில் என்றும் நிற்கும். அயலார் சூட்டிய இழிபெயரைச் சொல்வதா, நம் முன்னோர் தம்மை அழைத்த பெயரைச் சொல்வதா? நம்மை நாமே எழுதிக்கொள்ளாவிடில் பிறர் எழுதிவிடுவர் என்பதை அவர் பத்திரிகை தொடங்குவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்திருந்தார்.

அப்பத்திரிகை 1907ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள், புதன்கிழமை வெளிவந்தது. விலை ஒரு பைசா. ஆகவே பெயரும் ஒரு பைசாத் தமிழன். ஓராண்டுக்குப் பின் தமிழன் என்று சுருங்கியது. 1914 மே 5ஆம் நாள் அவர் மறையும் வரை வாரந்தோறும் நடந்தது. கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் உழைத்த நம்மவரும், இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிழைக்கச் சென்றோரும் அதனைத் தருவித்துப் படித்தனர். ஒருவர் வாசிக்கப் பத்துப்பேர் கேட்டனர். கேட்டவர் சும்மா இருந்தாரில்லை. எங்கள் ஊரில் இவ்வழக்கம் உள்ளது, இதன் பொருள் என்ன. இப்பண்டிகை எதனால் வந்தது. இச்சொல் எவ்வாறு பிறந்தது என்று கடிதம் எழுதினர். பண்டிதர் விடை தந்தார். இவ்வாறு பலர் வீட்டு வழக்கங்களும் அந்தச் சிறு தாளில் வந்து சேர்ந்தன. ஆசிரியரும் வாசகரும் கூடி நடத்திய நினைவுக் களஞ்சியம் அது எனலாம்.

அவ்விதழில் தொடராக வந்த இந்திரர் தேச சரித்திரமும், நந்தன் சரித்திரம் பற்றிய எழுத்தும் சிதம்பரம் வட்டாரத்தவராகிய நமக்குத் தனிப்பொருள் உடையவை. நந்தனார் கதையை நாம் அறிவோம். சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவாராகப் பாடிய அடியவரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாக்கினார். பெரியபுராணத்தில் இல்லாத வேதியப் பண்ணையார் கீர்த்தனையில் வந்து சேர்ந்தார். நாற்பது வேலி நிலமும் ஓரிரவில் விளைந்தது. மேடைதோறும் நடித்ததனால், பின்வந்தோர்க்கு அதுவே உண்மைக் கதையாயிற்று. பண்டிதரோ முற்றிலும் வேறான ஒரு மரபைச் சொன்னார். நந்தன் பண்ணையாளன் அல்லன், அரசன், பௌத்த நெறியினன், வஞ்சத்தால் வீழ்ந்தவன் என்றார். வரலாற்றாசிரியர் அனைவரும் இதனை ஏற்பார்களென்று கூறமுடியாது. அவர் சொற்களைப் பிரித்துப் பொருள் கண்ட முறையும் இன்றைய மொழியியலார்க்கு முழுதும் உடன்பாடன்று. திருக்குறளையே அவர் திரிக்குறள் என்று கொண்டு பௌத்த திரிபிடகத்தோடு இணைத்தார். ஆனால் அவர் எழுப்பிய வினா பொருளுடையது. ஒரு மனிதனின் கதையைப் பிறர் மட்டுமே சொல்லி வந்தால் அதில் அவன் யாராக இருப்பான்?

இந்நந்தன் பெயரையே வேறு வகையில் கைக்கொண்டவர் சுவாமி சகஜானந்தர். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்து, சிதம்பரத்துக்கு வந்து, 1916இல் நந்தனார் பெயரால் கல்வி நிலையம் தொடங்கினார். அது இல்லாதிருந்தால் நம் வட்டாரத்தில் எத்தனை குடும்பங்கள் எழுத்தறிவு பெற்றிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பண்டிதர்க்கு நந்தன் இழந்த அரசின் அடையாளம்; சுவாமிகட்கு நந்தனார் பக்தியாலும் கல்வியாலும் உயர்வதற்கு வழிகாட்டி. இருவரும் நேரெதிராகத் தோன்றினும், ஒரு பழைய பெயர் மறையாமல் பார்த்துக்கொண்டதில் ஒன்றுபட்டனர். சுவாமிகள் 1959 மே முதல் நாளன்று மறைந்தார். அவரிடம் நேரே பயின்றோர் இன்று மிகச்சிலரே. அவர்கள் உண்ட விடுதிச் சோறு, நடந்த வழி, முதல் நாள் பள்ளிக்கு அழைத்துச் சென்ற தந்தையின் அச்சம், இவற்றை அவர்கள் வாயிலாகவே கேட்கவேண்டும். எந்த அரசாணையிலும் அவை இரா.

பண்டிதரின் மைத்துனரான இரட்டைமலை சீனிவாசனார் இப்பணியை இன்னொரு முறையில் செய்தார். 1893இல் பறையன் என்னும் இதழைத் தொடங்கி, தாழ்வாகச் சொன்ன பெயரையே தலைப்பாக்கி நிமிர்ந்து நின்றவர் அவர். இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கருடன் சென்றவர். முதுமையில், 1939இல், ஜீவிய சரித்திர சுருக்கம் என்று தம் வாழ்க்கையைத் தாமே சிறு நூலாக எழுதி வெளியிட்டார். பெயருக்கேற்பச் சுருக்கந்தான். இன்னும் நூறு பக்கம் எழுதியிருக்கலாகாதா என்ற ஏக்கம் படிப்போர்க்கு உண்டாகும். ஆயினும் தமிழில் நம்மவர் ஒருவர் தம் வரலாற்றைத் தம் கையால் எழுதிய முன்னோடி நூல் அது. இரட்டைமலை என்பது ஊரோ மலையோ அன்று, அவர் தந்தையின் பெயர். மகன் தன் பெயருக்கு முன் அதனை விடாது எழுதிவந்தமையால் அத்தந்தையின் பெயரும் நாடெங்கும் நிலைத்தது.

இளைஞர் சிலர் கேட்கலாம்: பண்டிதர் வீட்டில் சுவடி இருந்தது, எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது என்று. கந்தப்பன் வேலைக்காரர் என்பதை மறந்துவிட வேண்டா. நம் வீடுகளில் இருப்பது வேறு. முதன்முதலில் பள்ளிக்குச் சென்றவர் யார், எந்த ஆண்டு, எங்கே அமர வைத்தனர். எந்தக் கிணற்றில் தண்ணீர் எடுக்கத் தடை இருந்தது, அது எப்போது நீங்கிற்று. பண்ணைக்கூலி எத்தனை மரக்கால். பஞ்சத்தில் ஊரைவிட்டுப் போனவர் எங்கே போனார், திரும்பினாரா. பாட்டியின் பிறந்த ஊர் எது. பாட்டியிடம் கேட்பதை நாம் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். குலவரிசை சொல்லும்போது ஆண்கள் பெயரை மட்டும் சொல்லி முடிப்பது நம்மிடையும் உள்ள குறை. நடவுப்பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் பெண்கள் நெஞ்சில்தான் உள்ளன; ஒப்பாரியில் ஒரு வீட்டின் முழு வரலாறும் அடங்கும்.

கேட்கும்போது பெயர், ஊர், ஏறத்தாழ ஆண்டு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. ஆண்டு தெரியாவிடில் எந்தப் புயலுக்கு முன், எந்தத் தேர்தலுக்குப் பின் என்று கேட்டால் முதியோர் சரியாகச் சொல்வர். சொன்னபடியே எழுதவேண்டும், இலக்கணம் திருத்துவதாகக் கருதிப் பொருளைத் திருத்திவிடலாகாது. சில செய்திகளைச் சொல்வோர் வெளியிட விரும்பார்; அவர் விருப்பத்தை மதித்தல் கடன். கைப்பேசியில் பேச்சைப் பதிவது எளிதாகிவிட்ட காலம் இது. எனினும் கைப்பேசி பழுதானால் பேச்சும் போகும். ஆகையால் நோட்டுப் புத்தகத்திலும் எழுதி, இரண்டு படியெடுத்து, ஒன்றை வேறிடத்தில் வைப்பது நல்லது. கடலோரத்தில் வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பண்டிதரின் எழுத்தும் அவ்வாறு வேறிடத்தில் இருந்தமையாலேயே பிழைத்தது. அவர் மறைந்தபின் அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழைத் தொடர்ந்தார். பின்னர் அது நின்றது; கோலார் தங்கவயல் பௌத்தர்கள் முயற்சியால், ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வந்தது, அதுவும் நின்றது. தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலையார் பண்டிதரின் நூல்கள் சிலவற்றைச் சிறு வெளியீடுகளாக அச்சிட்டு வந்தனர். மற்றபடி நாடு அவரை மறந்தது. பாடநூல்களில் அவர் பெயரில்லை. தமிழ்ப் பத்திரிகை வரலாறு எழுதியோர் பலரும் அவரைக் குறிக்கவில்லை.

அந்த நெடிய மறதியின் போதும், பழைய தமிழன் இதழ்கள் சில வீடுகளில் இருந்தன. சுரங்கத் தொழிலாளர் வாங்கிய ஒரு பைசாத் தாள்கள். அவற்றைப் பிள்ளைகள் எடைக்குப் போடவில்லை. கட்டடம் செய்து பெட்டியில் வைத்தனர். பெரியவர் அன்பு பொன்னோவியம் அவ்வாறு அரிதிற் பேணிய இதழ்கள் பெரிதும் உதவின. ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் அயோத்திதாசர் சிந்தனைகள் என இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. பின்னர் மூன்றாம் தொகுதியும் வந்தது. அதன்பிறகே பல்கலைக்கழகங்களில் அவரைப் பற்றிய ஆய்வுகள் பெருகின. 2005இல் அஞ்சல்தலை வந்தது. சென்னை கிண்டியில் 2023இல் மணிமண்டபம் திறந்தனர். தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

அந்தத் தொகுதிகளைப் புரட்டினால் பட்லர் கந்தப்பன் வருகிறார். ஆரிங்டன் துரையிடம் சுவடிக்கட்டை நீட்டுகிறார்.